இரண்டு அங்குல உயரம்

வெள்ளவத்தை
09.02.2025

அன்புத் தங்கை பெத்தாளுக்கு,

மாப்பிள்ளையின் வலக்கை அசையத் தொடங்கியிருக்கும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே எனக்குப் புதிய நோய் ஒன்றும் இல்லை. முழங்கால் மாடிப்படியில் ஏறும்போது மட்டும் தன்னை நினைவூட்டுகிறது. காதுதான் இன்னும் மந்தமாகிவிட்டது. போன வாரம் தொலைபேசியில் உன் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றேன். எதற்கெல்லாம் சம்மதித்தேனோ தெரியாது. ஆகவே நமக்குள் கடிதமே பாதுகாப்பு.

இன்று உன் பிள்ளை அழகு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தான். போன வருட வெள்ளத்தில் அவன் சாமான் ஏற்றும் கெப் வண்டி கொலன்னாவையில் நின்றுபோனது உனக்குத் தெரியும். புறக்கோட்டையில் ஏற்றும் மாவையும் பருப்பையும் மழைக்காலத்தில் அந்தப் பக்கக் கடைகளுக்குக் கொண்டுபோக முடியாததால் மூன்று கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்களாம். அதனால் வண்டிக்குப் பெரிய டயர் போட்டு, உடலையும் இரண்டு அங்குலம் உயர்த்தப் போகிறான். மாளிகாவத்தையில் ஸவாஹிர் என்ற கராஜ்காரர் செய்துகொடுப்பாராம். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். என் காதுக்குள் வாயை வைத்து, "நீங்க மஞ்சள் வச்சாத்தான் அம்மான், நான் ஓட்டுவேன்" என்று கத்தினான்.

சிறுவயதில் நான் சொன்னதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறான். பஸ் தொழிற்கூடத்தில் பரிசோதகராக இருந்த முப்பத்தொரு வருடமும், சரிபார்த்த நட்டின் மேல் மஞ்சள் மையால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி வைத்த நட்டை அதன் பிறகு ஒருவரும் தொடக்கூடாது. அது அங்கே எங்கள் ஒழுங்கு.

ஆனால் நான் ஓய்வுபெற்றுப் பதினாறு வருடமாகிறது. பார்த்ததெல்லாம் பஸ். கெப்பைப் பற்றி என்ன தெரியும் எனக்கு? போகலாமா, வேண்டாமா என்று நீயே சொல்.

உன் அண்ணன்,
அடைக்கப்பன்

*

மாத்தளை
18.02.2025

அண்ணனுக்குப் பெத்தாள் வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் நேற்று வந்தது. நீங்கள் "ஓம்" என்று சம்மதித்தது, வருடப்பிறப்புக்கு இங்கே வந்து பத்து நாள் தங்குவதாக. இனிப் பேச்சு மாறக்கூடாது.

இவருக்குக் கை அசையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சந்திக் கடை வரைக்கும் போய்வரக்கூட என்னால் முடிவதில்லை. அழகின் வண்டி ஓடுவதால்தான் இந்த வீட்டில் அடுப்பும் மருந்தும் நடக்கின்றன. மழைக்காலம் முழுக்க அவன் சும்மா இருந்தால் நாங்கள் என்ன செய்வது?

கட்டாயம் போங்கள். நீங்கள் பயப்படுகிறவர் என்பதால்தான் சொல்கிறேன். அவனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. நேற்று போனில், "அம்மான் வந்தா கராஜ்ல ஒரு நாள் வேலை மூணு நாள் ஆகும்மா. ஒவ்வொரு நட்டுக்கும் ஜாதகம் பார்ப்பாங்க" என்று சிரித்தான். "பார்க்கட்டும்டா, உனக்குத்தான் இன்னும் ஒருத்தரும் பார்க்கல" என்றேன். முப்பத்தொரு வயதாகிறது. ஒரு பெண் வீட்டாரும் சரிவரவில்லை.

குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகாதீர்கள். காதுக்கு ஆகாது.

தங்கை,
பெத்தாள்

*

வெள்ளவத்தை
10.03.2025

அன்புள்ள பெத்தாள்,

உடம்பெல்லாம் அலுப்பு. ஆனால் கெட்ட அலுப்பு இல்லை. மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் அன்பு. நேற்று மாளிகாவத்தையில் வேலை முடிந்தது. ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு.

காலை எட்டு மணிக்குப் போனோம். ஸவாஹிர் நாற்பது வயதிருக்கும் மனிதர். குறைவாகப் பேசுகிறார், கை சுத்தம். முதலில் முன்பக்கத்தை உயர்த்தினார். பிறகு பின் அச்சுக்கும் ஸ்பிரிங் தட்டுகளுக்கும் நடுவில் இரண்டு அங்குல இரும்புக் கட்டைகளை வைத்து இறுக்கினார். டயர் பழையதைவிட மூன்று விரல் உயரம். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பச் சொன்னேன். இடப்பக்க டயர் மட்காட்டில் உரசியது. அதை வெட்டிச் சரிசெய்தார். டயர் பெரிதானதால் வேகமானி குறைத்துக் காட்டும். ஆகவே "50 காட்டினால் 54" என்று ஓர் அட்டையில் எழுதி அழகின் கண்ணுக்கு நேரே ஒட்டினேன். ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை பார்த்துப் புள்ளி வைத்தேன்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கும் ஸவாஹிருக்கும் கருத்து வேறுபட்டது. பின்பிரேக்குக்குப் போகும் குழாயில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி பின் அச்சு வரை போகிறது. எங்கள் பஸ்களில் இப்படி ஒன்று கிடையாது. நான் அதன் நட்டுக்கும் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் ஸ்பானரோடு வந்தார்.

"சேர், இந்தக் கம்பிய அச்சுல ரெண்டு அங்குலம் ஒசத்திப் பூட்டோணும்."

"ஏன்?"

"ஏன்னு செல்லத் தெரியா சேர். எங்கட வாப்பா அப்படித்தான் செஞ்ச. நானும் எல்லாக் கெப்புக்கும் அப்படித்தான்."

காரணம் சொல்லத் தெரியாமல் பிரேக்கில் கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கம்பனி பூட்டியது பூட்டியபடி இருக்கட்டும், பிரேக்கைத் தொடவேண்டாம் என்றேன். அவர் அழகைப் பார்த்தார். அழகு, "அம்மான் மஞ்சள் வச்சுட்டாங்க நானா. இனிக் கடவுளே ஸ்பானரோட வந்தாலும் தொட ஏலாது" என்றான். ஸவாஹிரும் சிரித்துவிட்டு, "சேர் படிச்ச மனுசன். சேர் செல்றது சரியாத்தான் ஈக்கும்" என்று ஸ்பானரைப் பெட்டியில் போட்டார்.

வண்டியைக் கீழே இறக்கியதும் அழகு கராஜ் வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். தெருவில் போன முச்சக்கரவண்டிக்காரன் ஒருவன் நிறுத்தி, சிங்களம் கலந்து, "மல்லி, ஏற ஏணியும் தருவீங்களா?" என்று கேட்டான். "ஏணிக்கு வேற டிக்கட் அய்யே!" என்று இவன் கத்தினான். அதற்குத் தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கே அது கேட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, பெத்தாள். பிறகு என்னை இரு கையாலும் தூக்கி, குழந்தையை வைப்பதுபோல முன் ஆசனத்தில் வைத்தான். காலிமுகம் வரை போய்த் திரும்பினோம். பிரேக் நன்றாகப் பிடித்தது.

இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அண்ணன்,
அடைக்கப்பன்

*

மாத்தளை
19.03.2025

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று இந்த ஒரு முறை பொய் இல்லாமல் எழுதுகிறேன். மாசி மகத் தேருக்கு அழகு வண்டியோடு வந்திருந்தான். உங்கள் தங்கையால் அதில் ஏற முடியவில்லை. உரலைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி, அங்கிருந்து வண்டிக்குள் ஏறினேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, "அம்மன் தேர்ல ஏறுது, நீங்க கெப்ல ஏறுறீங்களா ஆச்சி?" என்று கேட்டாள். நன்றாகக் கேட்கட்டும்.

உங்கள் கடிதத்தை இவருக்கு மூன்று தடவை வாசித்தேன். ஏணி டிக்கட் வரும் இடத்தில் இவருடைய பாதி வாய் சிரித்தது. விழுந்த நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

வண்டி நன்றாக ஓடுகிறதாம். கடுகண்ணாவை இறக்கத்தில்கூட ஒரு பயமும் இல்லையாம். விட்டுப்போன மூன்று கடையில் இரண்டு திரும்ப வந்துவிட்டன.

வருடப்பிறப்புக்கு உங்களுக்காக முறுக்கு சுடுவேன். பல்லைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள்.

பெத்தாள்

*

வெள்ளவத்தை
07.04.2025

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாகியும் பதில் போடவில்லை. மன்னிக்கவும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாடு மட்டும் கொஞ்சம் குறைவு. மாப்பிள்ளை சிரித்ததை அறிந்து சந்தோஷம். கொழும்பில் வெயில் அதிகம். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறேன்.

கீழ்வீட்டு ஷிம்னா கணினியிலிருந்து அந்தக் கெப்பின் கையேட்டை அச்சடித்துத் தந்தாள். எந்தப் புத்தகத்தையும் முழுவதும் பார்க்காமல் விட எனக்கு மனம் வராது என்பது உனக்குத் தெரியும். அதில் ஒரு படம் பார்த்தேன். சிறிய விஷயம்தான். நான் படத்தைப் பிழையாக விளங்கியிருக்கவும் கூடும். அழகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே கொண்டுவந்தால் ஒரு தடவை பார்த்துவிடலாம். நான் போனில் பேசினால் அவன் சொல்வது கேட்காது. ஆகவே நீ பேசும்போது சொல். அவசரம் ஒன்றுமில்லை.

அதுவரை பாரத்தைக் கொஞ்சம் குறைத்து ஏற்றினால் நல்லது. ஏன் என்று கேட்டால் டயர் புதியது என்று சொல்.

வருடப்பிறப்புக்கு என்னால் வர முடியாதுபோல் இருக்கிறது. முழங்கால். முறுக்கை அழகிடம் கொடுத்தனுப்பு.

அண்ணன்

*

மாத்தளை
16.04.2025

அண்ணனுக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லதாகப் பிறந்திருக்கட்டும். நீங்கள் வராததற்கு எனக்குக் கோபம். அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

அழகிடம் சொன்னேன். "அம்மான் ஏன் கூப்பிடுறாங்க, ஏதும் முக்கியமா?" என்று கேட்டான். "ஒண்ணும் அவசரமில்லையாம்டா, புத்தகத்துல ஏதோ படம் பார்த்தாங்களாம்" என்றேன். "அப்போ சீசன் முடியட்டும்மா. இப்போ ஞாயிறும் ஓட்டம்" என்றான். மே மாதம் முதல் ஞாயிறு வருவானாம். பாரம் குறைக்கச் சொன்னதற்கு, "பெரிய டயர் போட்டதே கூட ஏத்தத்தானேம்மா" என்கிறான். அதுவும் சரிதானே?

சாப்பாடு ஏன் குறைவு? என்னிடம் எதையாவது மறைக்கிறீர்களா? காய்ச்சலா?

பெத்தாள்

*

மாத்தளை
30.05.2025

அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அழகு போய் இன்றைக்கு முப்பத்தாறு நாள். பதினாறாம் நாள் வரைக்கும் நீங்கள் இங்கே இருந்தீர்கள். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால்தான் சாப்பிட்டீர்கள். என் பிள்ளைக்காக என்னைவிட அதிகமாக உடைந்துபோன ஒருவர் இருக்கிறார் என்று வந்தவர்களிடம் சொன்னேன். காரியமெல்லாம் பேச்சியம்மா வீட்டில் நடந்தது. இவருக்கு இன்னும் சொல்லவில்லை. அழகு இந்தியாவுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு காரியம். பொலிசிலிருந்து போன் வந்தது. வண்டியைப் பரிசோதித்த அதிகாரியின் அறிக்கை வந்துவிட்டதாம். இருபது மூட்டை மா. மழை. கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகும் வீதியில் முன்னால் எண்ணெய் ஏற்றும் பவுசர் ஒன்று நின்றிருக்கிறது. இவன் முன்கூட்டியே பிரேக் போட்டிருக்கிறான். வீதியில் அடையாளம் இருக்கிறதாம். பின்சக்கரம் பிடிக்கவேயில்லை. வண்டியை உயர்த்தியபோது ஏதோ கம்பியை மாற்றிப் பூட்டாமல் விட்டதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஸவாஹிரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். பிணை கிடைக்கவில்லை.

அவன் பொலிசில் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? "அவர்ட மாமா தொட வேணாமெண்டு சென்ன" என்றானாம். செய்ததையும் செய்துவிட்டு, வயதுபோன மனிதர் மேல் பழியைப் போடுகிறான்! அந்த அதிகாரியிடம் நான் சொன்னேன், "எங்கண்ணன் ஒரு நட்டை மூணு தரம் பார்க்கிறவர், ஐயா."

நீங்கள் படித்தவர். கராஜ்காரன் விட்ட பிழை என்னவென்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். வழக்கின் அடுத்த தவணை யூலை 18. அதற்கு முன் பொலிசில் சேர வேண்டும். என் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது இனி இது ஒன்றுதான்.

பெத்தாள்

*

வெள்ளவத்தை
22.06.2025

அன்புள்ள பெத்தாள்,

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பேச்சியம்மாவை இரவில் துணைக்கு வைத்துக்கொள். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கடல் இரைச்சல் என் காதுக்கே எட்டுகிறது. வைத்தியர் இரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரை தந்திருக்கிறார்.

நீ கேட்டதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். சரியாக வரவில்லை. ஐந்து தடவை கிழித்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஸவாஹிரின் மனைவி வந்திருந்தாள். மர்லியா என்று பெயர். படி ஏறிவந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மிகவும் மெதுவாகப் பேசினாள். நான் காதில் கையை வைத்ததும் சத்தமாகச் சொன்னாள். மாடி முழுவதும் கேட்டிருக்கும்.

"சேர், நான் கெஞ்ச வரல்ல. ஒண்டே ஒண்டு கேக்க வந்த. அவர் வீட்டுக்கு வந்து சென்னார், 'படிச்ச மனுசன் ஒத்தர் வந்தீந்தார், கம்பியத் தொட வேணாமெண்டார்' எண்டு. அது நடந்ததா, இல்லையா?"

நான் உள்ளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். "சேருக்குக் காது கேக்கல்ல போல" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. யூலை 18க்கு இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணன்

*

மாத்தளை
04.07.2025

அண்ணனுக்கு,

உங்களுடைய அழுத்தம், மழை எல்லாம் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒன்றுமில்லை, இருக்கிறேன்.

அந்தப் பொம்பிளையை ஏன் படியேற விட்டீர்கள்? நான் அன்றைக்கே பொலிசுக்குப் போன் பண்ணி, கராஜ்காரன் ஆட்கள் வந்து எங்கள் அண்ணனை வெருட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். இனி வரமாட்டார்கள்.

இன்னொன்று. அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதாம். அந்தக் கம்பியின் நட்டில் மஞ்சள் மை இருந்ததாம். அந்தப் புள்ளி யார் வைத்தது என்று அதிகாரி கேட்டார். எங்கள் அண்ணன் சரிபார்த்ததற்கு அடையாளம் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியென்றால் நீங்கள் புள்ளி வைத்த பிறகு அவன் திருட்டுத்தனமாக அதைத் தொட்டிருக்கிறான், இல்லையா? அதைத்தானே நீங்கள் எழுத வேண்டும்? இதில் கிழித்துப் போட என்ன இருக்கிறது?

இரண்டு வாரம்தான் இருக்கிறது. எழுதுங்கள் அண்ணே.

பெத்தாள்

*

வெள்ளவத்தை
03.08.2025

பெத்தாள்,

உன் உடம்பைக் கேட்டு எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுத வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

ஒருவரும் அந்த நட்டைத் தொடவில்லை. தொட விரும்பியவரை நான் தடுத்தேன். மார்ச் 10ஆம் திகதி நான் உனக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. நீ மூன்று தடவை மாப்பிள்ளைக்கு வாசித்தாய்.

அந்தக் கம்பி வண்டியின் பாரத்தை வால்வுக்குச் சொல்வது. பாரம் ஏறினால் வண்டி தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின்பிரேக் பலமாகப் பிடிக்கும். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி, கம்பியைப் பழைய இடத்திலேயே விட்டால், இருபது மூட்டை ஏற்றினாலும் வண்டி வெறுமையாக இருக்கிறதென்றே வால்வு நினைக்கும். வெறும் வண்டியில் ஒரு குறையும் தெரியாது. காலிமுகத்துக்குப் போனபோதும், தேருக்கு வந்தபோதும் வண்டியில் பாரம் இல்லை. ஸவாஹிருக்கு இந்தக் காரணம் தெரியாது, செய்முறை தெரியும். எனக்கு இரண்டுமே தெரியாது. ஆனால் என் கையில் மை இருந்தது.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. ஏப்ரல் 7ஆம் திகதி உனக்கு எழுதும்போது எனக்கு இது தெரியும். பத்தில் ஒன்பது பங்கு தெரியும். மீதி ஒரு பங்குக்காக, வண்டியை அளந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கொட்டாஞ்சேனைக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் போகவில்லை. போய், நான் தடுத்தது பிழை என்று ஒரு தடவை வெட்கப்பட்டுச் சொல்லி, பிறகு என் சந்தேகமும் பிழையானால் ஸவாஹிரின் முன்னால் இரண்டாவது தடவையும் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தேன். "அவசரம் ஒன்றுமில்லை" என்று எழுதினேன். டயர் புதியது என்று ஒரு பொய்க் காரணத்தையும் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். பதினேழு நாள் இருந்தது, பெத்தாள்.

யூலை 18 அன்று நீதிமன்றத்துக்குப் போனேன். ஸவாஹிர் கூண்டில் நின்றார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வழியில் தெரிந்தவரைப் பார்த்தால் செய்வதுபோல. நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னது காதில் விழாததால் பேசிக்கொண்டே இருந்தேன் என்று பிறகு அறிந்தேன். என் வாக்குமூலத்தைப் பதியும்படி நீதவான் பொலிசுக்குச் சொன்னார்.

ஆனால் அவர்கள் நம்பவில்லை. பதிந்த சார்ஜன்ட் நல்ல மனிதர். தமிழும் பேசினார், என்னை மட்டும் சிங்களத்தில் தாத்தா முறை வைத்து அழைத்தார். "சீயா, அந்தப் பொம்பிள வீட்டுக்கு வந்து அழுதது எங்களுக்குத் தெரியும். உங்க தங்கச்சியே போன் பண்ணிச் சொன்னாங்க. பாவம் பார்த்துப் பழிய ஏத்துக்காதீங்க" என்றார். மஞ்சள் புள்ளியைச் சொன்னேன். "புள்ளி வச்சது சரி, தொட வேணாம்னு சொன்னது நீங்கதான்னு எப்படித் தெரியும்?" என்றார். விபத்துக்கு முன் எழுதிய கடிதம் ஒன்று என் தங்கையிடம் இருக்கிறது, தபால் முத்திரையோடு இருக்கிறது என்று சொன்னேன். அதை மாத்தளைப் பொலிஸ் மூலம் பெற்றுக்கொள்வார்களாம்.

அவர்கள் வரும்போது அதைக் கொடுத்துவிடு. அந்த ஒரு தாள்தான் அந்த மனிதரை வெளியே கொண்டுவரும். அடுத்த தவணை ஒக்டோபர் 10.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடைக்கப்பன்

*

வெள்ளவத்தை
31.08.2025

பெத்தாள்,

மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? என் கடிதம் கிடைத்திருக்கும். பொலிஸ் வந்தார்களா என்று மட்டும் ஒரு வரி எழுது. ஸவாஹிரின் கராஜை இடத்தின் சொந்தக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். நேற்றுப் போய்ப் பார்த்தேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அடைக்கப்பன்

*

மாத்தளை
26.09.2025

அண்ணனுக்கு,

இவர் போன மாதம் 19ஆம் திகதி இறந்துவிட்டார். உங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கடைசி வரை அழகு இந்தியாவில்தான் இருந்தான்.

நீங்கள் எழுதியதை நான் ஒரே நாளில் விளங்கிக்கொண்டேன். ஏற்றுக்கொள்ளத்தான் இத்தனை நாள். உங்கள் மேல் கோபமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "ஓம்" என்று எழுதியிருப்பேன். "முக்கியமா?" என்று என் பிள்ளை கேட்டதற்கு, இல்லை என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த வாயால்தான் நான் இன்னமும் சோறு சாப்பிடுகிறேன்.

பொலிஸ் போன திங்கட்கிழமை வந்தது. ஒரு சார்ஜன்ட்டும் தமிழ் பேசுகிற ஒரு பெண் கொஸ்தாப்பலும். நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தேன். மார்ச் மாதம் 10ஆம் திகதி எழுதிய கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அது அப்போது என் இடுப்பில் இருந்தது. இவர் போன பிறகு அதை அங்கேதான் வைத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், "இப்படி வாங்குற கடிதமெல்லாம் திருப்பித் தருவீங்களாம்மா?" என்று. "வழக்கு முடியட்டும் அம்மா. முடிஞ்சாலும் சொல்ல ஏலாது. ஃபைல்ல கட்டிருவாங்க" என்றாள். அவள் உண்மையைச் சொன்னாள். பொய் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

ஃபைலில் அதற்கு அடுத்த தாள் என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? பவுசருக்குக் கீழே அவன் கிடந்த படமாக இருக்கும். என்னிடம் அவனுடைய படங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடத்தில் எடுத்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது. ஒன்றிலும் சிரிக்கவில்லை. ஏணிக்கு வேற டிக்கட் என்று அவன் கத்துவதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும், உங்களைத் தூக்கி வைப்பதும் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கின்றன. ஸவாஹிர் கேட்டதும் நீங்கள் மறுத்ததும் அதே பக்கத்தில், நாலு வரிக்கு மேலே. நகல் எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் இவர் சிரித்தது இந்தத் தாளுக்குத்தான், நகலுக்கு அல்ல. வெட்டி எடுக்கலாமா என்றும் பார்த்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த இடத்தின் பின்பக்கத்தில்தான் அவன் உங்களைத் தூக்கி வைக்கிறான்.

அப்படி ஒரு கடிதம் வரவில்லை என்று சொன்னேன். என் அண்ணனுக்கு அழகு போன பிறகு மனம் சரியில்லை, நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொல்கிறார் என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை சிங்களத்தில் எழுதி, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 10ஆம் திகதி நீங்கள் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். போங்கள். இந்தக் கடிதத்தை அவர்களுக்குக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். என் கையெழுத்தை உங்களுக்குக் காட்டுவார்கள்.

பெத்தாள்